காரீயமும் இடியப்ப உரலும்

தரம் 11 இல் காபனின் பிறதிருப்பங்களைப் படிப்பிக்கும் நாளில் நான் ஒரு சிறு பரிசோதனை செய்து காட்டுவது வழக்கம். 6பி பென்சிலால் வெள்ளைத் தாளில் இரண்டு பட்டைகளை அருகருகே, ஒன்றையொன்று தொடாதபடி, நன்றாக அழுத்திக் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அந்தத்தில் 9 வோல்ற்று மின்கலத்தின் இரு முனைகளையும் பட்டைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். மறு அந்தத்தில் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. குமிழின் இரு கால்களையும் அதேபோல் வைத்தால் குமிழ் மங்கலாக எரியும். எரியாவிட்டால் கால்களை மாற்றி வைத்துப் பாருங்கள். பட்டைகளை இன்னும் கறுப்பாக்கிக் குட்டையாக்குங்கள். வயர் எதுவும் இல்லாமல் பென்சில் கோட்டிலேயே மின்சாரம் ஓடுவதைப் பார்த்ததும் பின்வரிசைப் பிள்ளைகளும் எழும்பி வந்துவிடுவார்கள்.

சென்ற வருடம் அப்படி எழும்பி வந்த ஒரு மாணவி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். "டீச்சர், காரீயம் தட்டுத் தட்டா அடுக்கியிருக்கு என்டு சொன்னீங்க. அதுல ஒரேயொரு தட்ட மட்டும் பிரிச்செடுக்க ஏலுமா?" என்பது முதலாவது. "பிரிச்செடுத்தா, அதத் திரும்ப அடுக்கி நமக்கு விருப்பமான உருவத்துல கட்ட ஏலுமா?" என்பது இரண்டாவது.

முதலாவதற்கு உடனே பதில் சொன்னேன். அந்தத் தட்டைப் பிரித்தவர்களுக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. இரண்டாவதற்கு அன்று என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. வீட்டுக்குப் போய்த் தேடித் தேடி வாசித்தேன். மாணவிகளோடு அவர்களின் உம்மா, வாப்பாமாரும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

காரீயம் என்று நாம் சொல்வதைப் பாடநூல் பென்சிற்கரி என்கிறது. இது எங்கோ தூரத்துப் பொருள் அல்ல. சிலாபத்திலிருந்து குருநாகலுக்குப் போய், அதையும் தாண்டித் தொடங்கஸ்லந்தப் பக்கம் சென்றால் கஹட்டகஹ சுரங்கம் இருக்கிறது. அது நம்முடைய வடமேல் மாகாணமேதான். கேகாலை மாவட்டத்தில் போகல சுரங்கம் இருக்கிறது. இரண்டிலும் 19 ஆம் நூற்றாண்டிலிருந்து காரீயம் தோண்டி வருகிறார்கள். மற்ற நாடுகளில் காரீயம் பெரும்பாலும் பாறையோடு கலந்த செதில்களாகக் கிடைக்கும். பாறையை இடித்து அரித்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே அல்லாஹ் அதைப் பாறை வெடிப்புகளுக்குள் நாளம் நாளமாகப் படிய வைத்திருக்கிறான். வெட்டி எடுக்கும்போதே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காபன்; நல்ல கட்டியில் 99 வரை இருக்கும். இந்த நாளக் காரீயத்தை வணிக அளவில் தோண்டும் நாடு என்றாலே இலங்கைதான்.

முதலாம் உலக யுத்தக் காலத்தில் இதற்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது. உலோகம் உருக்கும் மூசைகளைச் செய்யக் காரீயம் வேண்டும். நம் தட்டார் கடைகளில் பொன் உருக்கும் சிறு மூசையைப் பார்த்திருப்பீர்கள். அதையே பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுக்கும் தோட்டாவுக்கும் உலோகம் உருக்க அப்படியான மூசைகள் தேவைப்பட்டன. 1916 இல் இலங்கையிலிருந்து 30,000 தொன்னுக்கு மேல் காரீயம் கப்பலேறியது. சேனாநாயக்க குடும்பத்தின் செல்வத்தில் ஒரு பகுதி காரீயத்தில் வந்ததுதான். செல்வம் சேர்த்தவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கொழும்புக் கிட்டங்கிகளில் உட்கார்ந்து கட்டிகளைக் கையால் தரம் பிரித்து, அரித்துச் சுத்தம் செய்தவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். கை முழுக்கக் கரியோடு பழைய புகைப்படங்களில் மட்டும் அவர்கள் தெரிகிறார்கள், பெயர் இல்லை. நூறு வருடங்களுக்குப் பின் அதே காரீயத்தைப் பற்றிப் பெண் பிள்ளைகளுக்கு எழுதும்போது எனக்கு அந்தப் படங்கள்தான் கண்ணுக்கு வருகின்றன.

இனி முதல் கேள்விக்கு வருவோம். காரீயத்தின் ஒவ்வொரு தட்டிலும் காபன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன. ஒரே தட்டுக்குள் அந்தப் பிணைப்பு மிக உறுதியானது. ஆனால் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் இருப்பது பலவீனமான வந்தர்வாலிசு விசைதான். அதனால்தான் பென்சில் எழுதுகிறது: தட்டுகள் வழுக்கிக் கழன்று தாளில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு தட்டுகளுக்கு இடையிலான தூரம் 0.335 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தடிப்பான காரீயத்தில் ஏறக்குறைய 30 இலட்சம் தட்டுகள் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தனித் தட்டுக்குத்தான் கிராபீன் என்று பெயர். 2004 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்ம், கொன்ஸ்தந்தீன் நொவசெலோவ் ஆகிய இருவரும் அதைத் தனியாக எடுத்து ஆராய்ந்து காட்டினார்கள். கருவி என்ன தெரியுமா? நாம் பரிசுப் பொதி சுற்றும் ஒட்டு நாடா. காரீயத்தில் ஒட்டி உரிப்பது, உரித்ததை மடித்து மீண்டும் உரிப்பது, அவ்வளவுதான். 2010 இல் அவர்களுக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் அணுத் தடிப்பு மட்டுமே உள்ள அந்தத் தட்டு, அதே தடிப்புள்ள உருக்கைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமையானது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிக நன்றாகக் கடத்தும். ஒரு கிராம் கிராபீனைத் தட்டுத் தட்டாக விரித்து இரு பக்கத்தையும் அளந்தால் மேற்பரப்பு 2,630 சதுர மீற்றர். நம் கணக்கில் சொன்னால் சுமார் 104 பேர்ச் காணி! ஒரு தேக்கரண்டிச் சீனியைவிட நிறை குறைந்த பொருளுக்குள் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைந்த காணி சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மின்னைச் சேமிக்கவும், அழுக்கை உறிஞ்சவும், தாக்கங்கள் நடக்கவும் மேற்பரப்புத்தான் வேண்டும் என்பதால் விஞ்ஞானிகளுக்கு இந்தக் காணியில் ஆசை வந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் காணியை விரித்தபடி வைத்திருப்பது எப்படி? தனித் தட்டுகளை ஒன்றுசேர்த்தால் அவை மறுபடி ஒன்றின்மேல் ஒன்று படுத்து ஒட்டிக்கொள்ளும். ஈரப் பொலித்தீன் பைகளை ஒன்றாக வைத்துவிட்டுப் பிரிக்கப் பாடுபட்டிருப்பீர்களே, அப்படித்தான். வந்தர்வாலிசு விசை ஓர் அணுவுக்குச் சிறியதுதான். கோடிக்கணக்கான அணுக்கள் சேரும்போது அதுவே பெரிய பசையாகிவிடும். பெரும்பாடுபட்டுப் பிரித்தது கடைசியில் பழையபடி காரீயமாகிவிடும். ஆகவே கிராபீனைக் கொண்டு எதையாவது கட்ட வேண்டுமானால் தட்டுகள் அங்கங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆனால் படுத்துவிடாமல், நடுவில் வெற்றிடம் விட்டு நிற்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பஞ்சு போல.

அதற்கான முதற்படி நம் இரசாயன பாடத்தில் இருக்கிறது. 1958 இல் வில்லியம் ஹம்மர்ஸ் என்பவர் வெளியிட்ட முறையில், காரீயத் தூளைச் செறிந்த சல்பூரிக் அமிலத்திலும் பொட்டாசியம் பரமங்கனேற்றிலும் ஒட்சியேற்றுகிறார்கள். தட்டுகளின் மேல் ஒட்சிசன் கொண்ட கூட்டங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இப்போது தட்டுகளுக்கு நீர் பிடிக்கும். நீருக்குள் மறை ஏற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். இதுதான் கிராபீன் ஒட்சைட்டு. இது நீரில் பரவிக் கபிலநிறக் கூழாக நிற்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒட்சிசன் ஏறியதும் மின்கடத்தும் குணம் போய்விடும். பின்னால் சூடாக்கி அந்த ஒட்சிசனைக் கழற்றினால் அந்தக் குணத்தில் பெரும்பங்கு திரும்ப வரும்.

கூழ் கிடைத்துவிட்டது என்றால் அச்சிடலாம். முப்பரிமாண அச்சு என்றவுடன் பலருக்குப் பெரிய மருட்சி. நம் வீட்டு இடியப்ப உரலை நினைத்துக்கொண்டால் போதும். மாவை ஒரு துளை வழியே அழுத்தி நூலாக இறக்குகிறோம். உரலைக் கையில் பிடித்துச் சுற்றுவதற்குப் பதிலாக, கணினி சொல்கிற வழியில் ஓர் இயந்திரம் துளையை நகர்த்துகிறது. ஒரு படை இட்டு முடிந்ததும் சற்று உயர்ந்து அடுத்த படையை அதன்மேல் குறுக்காக இடுகிறது. துளையின் அகலம் மயிரிழை அளவு. மாவின் பதம்தான் இங்கும் எல்லாம். தண்ணீர் கூடினால் இடியப்பம் தட்டில் கரைந்துவிடும். குறைந்தால் உம்மாவின் கை நோகும், நூலும் அறுந்து அறுந்து விழும். அச்சு மைக்கு இன்னும் ஒரு குணம் வேண்டும்: அழுத்தும்போது இளகி ஓட வேண்டும், துளையை விட்டு வெளியே வந்த கணமே இறுகி நிற்க வேண்டும். போத்தலைக் குலுக்கும்வரை அசையாத தக்காளி சோஸ் குலுக்கியதும் வழிகிறதே, அந்தக் குணம்தான்.

2015 இல் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தினர் இதைச் செய்து காட்டினார்கள். கிராபீன் ஒட்சைட்டுக் கூழுக்குள் மிக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்து பதம் வரவைத்தார்கள். வெளிக்காற்றில் அச்சிட்டால் நூல் காய்ந்து சுருங்கும் என்பதால், நீரோடு கலக்காத ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்குள் துளையை அமிழ்த்தி அங்கேயே அச்சிட்டார்கள். பிறகு உலர்த்தல், நைதரசன் வாயுவில் 1050 பாகை செல்சியஸ் வரை சூடாக்கல், கடைசியாக ஐதரோபுளோரிக் அமிலத்தால் சிலிக்காவைக் கரைத்து நீக்கல். மிஞ்சியது ஜன்னல் வலை போல அடுக்கடுக்கான ஒரு கறுப்புச் சட்டகம். அதன் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அமுக்கிவிட்டு விட்டாலும் மீண்டும் நிமிர்ந்துகொண்டது.

உலர்த்தல் என்று ஒரு சொல்லில் தாண்டிவிட்டேன். உண்மையில் முழு வேலையிலும் உயிர்நாடியான இடம் அதுதான். சிலாபத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்குவது சுலபம். பச்சை மீனைப் பிளந்து உப்பிட்டு வெயிலில் போட்டால் என்ன நடக்கிறது? கருவாடு மீனை விடச் சுருங்கி, மடங்கி, கெட்டியாகிவிடுகிறது. நுண்ணிய துளைகளுக்குள் இருக்கும் நீர் ஆவியாகும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்நோக்கி இழுத்துக்கொண்டே போகும். கிராபீன் கூட்டுக்கும் அதே கதிதான். வெயிலில் வைத்தால் கிராபீன் கருவாடுதான் கிடைக்கும், 104 பேர்ச்சும் மடிந்துபோய்விடும். எனவே நீர் திரவமாக இருந்து ஆவியாகக் கூடாது. லிவர்மோரில் நீரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் காபனீரொட்சைட்டை அதிக அமுக்கத்தில் நிரப்பி, திரவம் என்றும் வாயு என்றும் பிரிக்க முடியாத நிலையில் வெளியேற்றினார்கள். அந்த நிலையில் மேற்பரப்பு இழுவிசை என்பதே இல்லை.

இதைச் சொன்னபோது அந்த மாணவி முகத்தைச் சுளித்தாள். "சிலிக்காவக் கழுவ ஐதரோபுளோரிக் அமிலமா டீச்சர்? கண்ணாடியையே கரைக்கிற அமிலமெல்லோ?" அவள் சொன்னது சரி. தோலில் பட்டால் எலும்பு வரை போய்த் தீங்கு செய்யும் அமிலம் அது. நல்ல வேளையாக, அடுத்த வருடமே அது தேவையில்லாத ஒரு வழி வந்திருந்தது. எனக்கு மிகப் பிடித்த வழியும் அதுதான்.

2016 இல் பஃபலோவில் உள்ள பல்கலைக்கழகமும் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தாங்கு பொருளாக ஐஸைப் பயன்படுத்தினார்கள். மைனஸ் 25 பாகை செல்சியஸில் ஒரு தட்டு. ஒரு துளையிலிருந்து கிராபீன் ஒட்சைட்டு கலந்த நீர் துளித் துளியாக விழுகிறது, விழுந்த இடத்திலேயே உறைகிறது. எங்கே அந்தரத்தில் நிற்கும் பகுதி வருகிறதோ அங்கே இன்னொரு துளையிலிருந்து வெறும் நீர் விழுந்து ஐஸ் தூணாக முட்டுக்கொடுக்கிறது. கொங்கிறீட் போடும்போது மேசன்மார் பலகை முட்டு வைப்பார்களே, அதேதான். கழற்றும் வேலை மட்டும் இல்லை. அச்சு முடிந்ததும் வெற்றிடத்தில் வைத்தால் ஐஸ் உருகாமலே நேராக ஆவியாகிவிடும். அலுமாரிக்குள் வைத்த பூச்சி உருண்டை ஈரம் எதுவும் விடாமல் கரைந்து போவதைப் போன்ற பதங்கமாதல். திரவம் வரவே இல்லை என்பதால் சுவர்களை இழுப்பதற்கு ஒன்றுமில்லை. மீன் சந்தையில் நாம் தினமும் மிதித்துக்கொண்டு போகும் ஐஸ், ஆபத்தான அமிலத்தின் வேலையை இப்படிச் செய்துவிடுகிறது.

அப்படிக் கிடைத்த கரும் பஞ்சின் அடர்த்தி, குறைந்த அளவில், கன சென்ரிமீற்றருக்கு 0.5 மில்லிகிராம். ஒரு லீற்றர் கனவளவுள்ள பஞ்சு அரைக் கிராம்தான் இருக்கும். அதே ஒரு லீற்றர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிராம். பஞ்சின் துளைகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது பறந்துவிடாது. ஆனால் அந்தச் சட்டகத்தின் நிறை மட்டும் அதற்குள் இருக்கும் காற்றின் நிறையிலும் குறைவு.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். கூழை ஓர் அச்சுக் கிண்ணத்தில் ஊற்றி உறையவைத்தாலும் பஞ்சு வருமே, எதற்காக இழை இழையாக அச்சிட வேண்டும்? உண்மைதான். 2013 இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தினர் இதைவிட இலேசான, கன சென்ரிமீற்றருக்கு 0.16 மில்லிகிராம் அடர்த்தியுள்ள பஞ்சை அச்சு இயந்திரம் இல்லாமலே செய்தார்கள்; தன் நிறையைப்போல் 900 மடங்கு வரை எண்ணெயை அது உறிஞ்சியது. எண்ணெய் உறிஞ்சுவதற்கு அது போதும். மின்சாரத்தைச் சேமிக்கும் மீக்கொள்ளளவிக்கு அது போதாது. அங்கே அயன்கள் ஒவ்வொரு மூலைக்கும் விரைவாகப் போய்வர வேண்டும். பெருநாளைக்கு முந்திய இரவில் நம் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். கடை எத்தனை இருந்தாலும் ஒழுங்கை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கடைக்கு ஒருவரும் போய்ச் சேர மாட்டார்கள். தடித்த பஞ்சின் உட்புறமும் அப்படித்தான் வீணாகக் கிடக்கும். அச்சிடும்போது நாமே ஒழுங்கைகளை விட்டுக் கட்டுகிறோம். 2018 இல் லிவர்மோரும் சாந்தா குரூஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் அச்சிட்ட கிராபீன் சட்டகத்தில் மங்கனீஸ் ஒட்சைட்டைப் படியவைத்து, 4 மில்லிமீற்றர் தடிப்பான மின்வாயிலும் உட்பகுதி முழுவதையும் வேலை செய்ய வைத்தார்கள்.

வைத்தியத்துறையிலும் ஒரு வழி திறந்திருக்கிறது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரமில் ஷா என்ற பெண் ஆய்வாளரின் குழு, உடம்புக்குள் மெல்லக் கரையும் ஒரு பல்பகுதியத்தோடு கிராபீனைக் கலந்து வளையக்கூடிய சட்டகங்களை 2015 இல் அச்சிட்டது. அவற்றின் மீது இட்ட தண்டுக் கலங்கள் நரம்புக் கலங்களைப் போல நீண்டு வளரத் தொடங்கின. இது ஆய்வுகூடத்து முடிவு. ஆஸ்பத்திரியில் நாளைக்கே கிடைக்கும் சிகிச்சை அல்ல. கிராபீன் விடயத்தில் இந்த எச்சரிக்கை எப்போதும் தேவை. "கிராபீன் கலந்தது" என்று எழுதிப் பெல்ட்டும் மாஸ்க்கும் விற்கிறார்கள். அச்சிட்ட கிராபீன் துண்டுகள் பெரும்பாலும் இன்னும் விரல் நுனி அளவில்தான் இருக்கின்றன. நேரமும் செலவும் அதிகம். நுண்ணிய தூள் சுவாசப்பைக்குள் போவது நல்லதல்ல என்பதால் ஆய்வுகூடங்களில் கவனமாகக் கையாளுகிறார்கள்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து 2008 இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம், ஸ்லின்டெக், ஹோமாகம பிட்டிபனவில் இருக்கிறது. அதுவும் எல்.ஓ.எல்.சி. குழுமமும் இணைந்து சிலோன் கிராபீன் டெக்னொலொஜீஸ் என்ற கம்பனியை நிறுவி, நம் நாளக் காரீயத்திலிருந்தே கிராபீன் ஒட்சைட்டு போன்றவற்றைத் தயாரிக்கின்றன. அதாவது மைக்கு வேண்டிய மாவு இங்கேயே தயாராகிறது. இதே ஸ்லின்டெக்கில்தான் நில்வலா கொட்டேகொடவும் குழுவினரும் யூரியாவை மெல்ல மெல்ல மண்ணுக்கு விடும் நனோ உரத்தை உருவாக்கி 2017 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர் ஒரு பெண் இரசாயனவியலாளர். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. இருந்தும் நம் காரீயத்தில் பெரும்பங்கு இன்னும் கட்டியாகவும் தூளாகவும்தான் கப்பலேறுகிறது. தொன் கணக்கில் விற்றுவிட்டு, அதிலிருந்து செய்த பொருளைக் கிராம் கணக்கில் வாங்குகிறோம்.

பெற்றோருக்கு ஒரு சொல். மேலே நான் எழுதியவற்றில் இடியப்பம், கருவாடு, ஐஸ், பூச்சி உருண்டை தவிர மற்றவை எல்லாம் உயர்தர இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் இருக்கின்றன. நான் உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலைக்கு ஒரு வருடத்துக்கு மேல் இரசாயன ஆசிரியர் இல்லை. நானும் இரண்டு தோழிகளும் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு எங்களுக்கு நாங்களே படிப்பித்தோம். இப்போது ஆசிரியர் இருந்தும், "பெண் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு, கலைப் பிரிவு எடுத்தால் போதாதா" என்ற பேச்சு ஒவ்வொரு வருடமும் என் மேசைக்கு வருகிறது. கலைப் பிரிவில் எந்தக் குறையும் இல்லை; விரும்பி எடுப்பவள் எடுக்கட்டும். இரண்டு கேள்வி கேட்ட பிள்ளை அவற்றின் விடையைத் தானே தேடிப் போக ஆசைப்பட்டால், அவளை மறித்து வைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

அந்த மாணவியின் வாப்பா மீன் வியாபாரி. பாடத்தெரிவுப் படிவத்தோடு சென்ற மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். படிவத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று அவளுடைய கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கையொப்பம் இடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டீச்சர், அந்த ஹோமாகமையில இருக்கிற இடத்துக்கு இங்கிருந்து எத்தின பஸ் மாறோணும்?" என்று கேட்டார். சிலாபத்திலிருந்து புறக்கோட்டைக்கு ஒன்று, அங்கிருந்து ஹோமாகமைக்கு ஒன்று, பிறகு பிட்டிபன வரை சிறிது தூரம் என்றேன். மேசையில் கிடந்த 6பி பென்சிலை எடுக்கப் போனார். மகள் அதை மெல்ல நகர்த்திவிட்டுத் தன் பேனையைக் கொடுத்தாள்.